ஊர் மாறும் குடும்பத்துக்கு ஒரு மேசை

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, தென்காசிப் பக்கத்திலிருந்து அண்மையில் ஆலுவாவுக்கு வந்து சேர்ந்திருக்கும் இளம் அன்பர் ஒருவர் நம்மை வழிமறித்தார். மணமாகி ஆறு மாதமே ஆனவர். "அண்ணாச்சி, சாப்பாட்டு மேசையும் நாலு நாற்காலியும் தவணையில் எடுக்கலாம் என்றிருக்கிறோம். எப்படியும் மூன்று நான்கு வருஷத்தில் வேறு ஊருக்குத் தூக்கியடித்து விடுவார்கள். மலிவாக ஒன்றை வாங்கிப் போட்டு, போகிறபோது விட்டுவிட்டுப் போனால் என்ன?" என்று கேட்டார். பஸ் வந்து விட்டபடியால் அரைகுறையாகவே பதில் சொன்னோம். மீதிப் பதிலை இம்மாதம் இப்பகுதியில் எழுதுகிறோம். வாடகை வீட்டில் வாழும் நம்மவர் பலருக்கும் அது பயன்படக்கூடும்.

அவர் போட்ட கணக்கையே நாமும் ஒரு காலத்தில் போட்டோம். 2017 ஆம் ஆண்டில், ஆற்றை அடுத்த வாடகை வீட்டில் குடியிருந்தபோது, பளபளவென்று மின்னிய ஒரு மேசையையும் நான்கு நாற்காலிகளையும் பதினெட்டு மாதத் தவணையில் வாங்கினோம். கடைக்காரர் அதைத் தேக்கு என்று சொல்லவில்லை. "தேக்கு மாடல்" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த வேறுபாட்டை நாம் கவனிக்கத் தவறினோம்.

மறு ஆண்டு ஆகஸ்டில் பெரியாறு பெருகியது. அம்மாதம் 9 ஆம் தேதி, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தடவையாக இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணைக் கதவு திறக்கப்பட்டது. 15 ஆம் தேதி இரவு முதல் ஆலுவா நகரம் நீருக்குள் போகத் தொடங்கியது. மெட்ரோ ஓட்டமும் நின்றது. நெடும்பாசேரி விமான நிலையம் 29 ஆம் தேதி வரை மூடிக் கிடந்தது. அன்னையாரையும், சான்றிதழ்களையும், ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு மேட்டுப் பகுதியிலிருந்த பள்ளிக்கூடமொன்றில் தங்கினோம். ஐந்தாம் நாள் திரும்பி வந்து கதவைத் தள்ளினால், கதவு திறக்கவில்லை. உள்ளே மேசை மிதந்து வந்து கதவருகே சாய்ந்து கிடந்தது.

அது மேசை என்று சொல்லும் நிலையில் இல்லை. பாலில் ஊறிய பொறையைப்போல் ஓரங்கள் உப்பியிருந்தன. தேக்குப்போல் அச்சிட்ட மேல்தாள் உரிந்து தொங்கியது. அதன் அடியில் மரத்தூளும் சிராய்களும் கையோடு வந்தன. அவற்றை மண்வெட்டியால் வாரித்தான் வெளியே கொட்டினோம். தவணையில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. இல்லாத மேசைக்கு மாதந்தோறும் பணம் கட்டுவது எத்தகைய அனுபவம் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதே வீட்டில், அதே நீரில், அதே ஐந்து நாள் கிடந்த வேறு சில பொருள்களும் உண்டு. பாட்டனார் காலத்துத் தேக்குக் கட்டில் ஒன்று. அதில் ஆணியே கிடையாது. துளைக்குள் முளை புகுத்தி மரக்குச்சி அறைந்து பூட்டியது. குச்சிகளைத் தட்டியெடுத்துப் பிரித்து, சேறு கழுவி, நிழலில் மூன்று வாரம் உலர்த்தி மீண்டும் பூட்டினோம். இன்றும் அன்னையார் அதில்தான் உறங்குகிறார். அவருடைய கற்சட்டி, வெண்கலப் பானை, பித்தளைக் குடம் ஆகியவை அலமாரியின் கீழ்த்தட்டில் சேற்றில் புதைந்திருந்தன. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்தார். "அடுப்பு மட்டும் எரியட்டும், இதுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். அடுப்பு எரியத்தான் மேலும் நான்கு நாளாயிற்று.

இதை வைத்துக்கொண்டு "பழையதே நல்லது, புதியதெல்லாம் கெட்டது" என்று எழுத நாம் முற்படவில்லை. அப்படி எழுதுவோர் நிரம்ப உள்ளனர். ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படிப் பூட்டப்பட்டது, பழுதானால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளை வாங்குமுன் கேட்டிருந்தால், நாம் ஏமாந்திருக்க மாட்டோம்.

மரத்தூள் பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். சிராய்களையும் தூளையும் யூரியா-பார்மால்டிஹைடு என்ற பசையில் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்கிறார்கள். மலிவான பலகையில் அப்பசை நீருக்குத் தாங்காது. நசுக்கி வைக்கப்பட்ட சிராய்கள் நீர் குடித்தவுடன் பழைய பருமனுக்கு விரிகின்றன. விரிந்தவை மீண்டும் சுருங்கி ஒட்டுவதில்லை. வெள்ளமே வர வேண்டுமென்பதில்லை. நாள்தோறும் ஈரத் துணியால் துடைத்தாலே ஓரத்தில் சிறு விரிசல் வழியாக நீர் இறங்கும். இன்னொரு குறையும் உண்டு. அதில் ஒருமுறை முடுக்கிய திருகாணியைக் கழற்றி மறுமுறை முடுக்கினால் பிடிப்புக் குறையும். பார்சல் ஆபீஸில் உட்கார்ந்து, மாற்றலாகிப் போகும் குடும்பங்களின் சாமான்களை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறோம். கால் ஆடாமல் இரண்டாவது ஊருக்குப் போய்ச் சேர்ந்த தூள்பலகை மேசையை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகை வேறு சாதி. மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் ரேகைக்குக் குறுக்காக மறு ஏட்டின் ரேகை வருமாறு அடுக்கி ஒட்டுவது அது. குறுக்கும் நெடுக்குமாக ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால் எளிதில் வளையாது. ஆலுவாவிலிருந்து கிழக்கே சிறிது தூரத்திலுள்ள பெரும்பாவூர்தான் கேரளத்தில் இத்தொழிலின் தலையூர். அங்குள்ள ஆலைகளில் அஸ்ஸாம், வங்காளம், ஒடிஸாவிலிருந்து நம்மைப்போலவே பிழைப்புத் தேடி வந்தவர்கள் பல்லாயிரவர் உழைக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வூர்க் கடைத்தெருவில் நின்றால் மலையாளத்தைவிட வங்காளியே அதிகம் காதில் விழும். பலகை வாங்கும்போது அதன் ஓரத்திலோ முகத்திலோ உள்ள முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கு, அதிலும் எம்.ஆர். என்றிருந்தால் ஈரக்காற்றைத் தாங்குமே தவிர நீரைத் தாங்காது, பி.டபிள்யூ.ஆர். என்றிருந்தால் பீனால் பசையிட்டது, நீருக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். ஐ.எஸ். 710 என்பது படகுக்கும் ஆகும். நமது பருவமழைக்கு எம்.ஆர். பலகையில் சமையலறை அலமாரி செய்வது வீண்.

ரப்பர் மரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் தந்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் விறகுக்கும் பெட்டிக்கும் வெட்டினார்கள். அதில் மாவுச்சத்து மிகுதியாகையால் வண்டு துளைக்கும். இப்போது போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தி, நல்ல மேசை நாற்காலிகள் செய்கிறார்கள். வேலை முடிந்த மரத்துக்கு மறுபிறவி கிடைக்கிறது. காட்டு மரமும் தப்புகிறது. மருந்தேற்றிய மரமா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும். கேட்டதற்கு முகஞ் சுளிக்கும் கடையில் வாங்காதிருப்பதே நலம்.

நிற்க. வெள்ளத்துக்குப் பின் ஓராண்டு காலம் நம் வீட்டில் மேசையே இல்லை. பாயை விரித்து உண்டோம். அதில் குறையொன்றும் தோன்றவில்லை. ஆனால் அன்னையாருக்கு முழங்கால் வலி கண்டது. தரையில் உட்கார்ந்தால் எழ இயலவில்லை. "நீங்கள் உண்ணுங்கள், நான் பிறகு உண்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் எழுந்த பின் கட்டிலின் ஓரத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியே உண்ணத் தொடங்கினார். பந்தியில் நாற்பது பேருக்குப் பரிமாறி, ஊரார் நடுவில் அமர்ந்து உண்டு பழகியவர் அவர். அதைக் கண்ட அன்றே மேசை வாங்குவதென்று முடிவு செய்தோம்.

முதலில் மட்டாஞ்சேரிக்குப் போனோம். யூதர் தெருவில் ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மணத்த கிடங்குகள் பலவற்றில் இன்று பழம்பொருள்களும் பழைய மரச்சாமான்களும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கேரளத்தின் பழைய தறவாட்டு வீடுகளைப் பிரித்தபோது கிடைத்த தூண்கள், கதவுகள், நெல் கொட்டி வைக்கும் பத்தாயங்கள், பித்தளைப் பூண் கட்டிய நெட்டூர்ப் பெட்டிகள் எல்லாம் அங்கே காணலாம். நெட்டூர்ப் பெட்டியின் மூடி வீட்டுக் கூரைபோல் சரிந்திருக்கும். நகை வைப்பதற்காகச் செய்தது. அதன் மூலைப் பொருத்துகளைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நிற்கலாம். விலைதான் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு எட்டாதது. புதிய மரத்தில் சாயமேற்றிப் பழமை காட்டும் பொருள்களும் அத்தெருவில் கலந்திருப்பதுண்டு. ஒரு பெரியவர் நமக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: முகப்பைப் பார்க்காதே, இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து அதன் முதுகைப் பார், மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார். முகத்துக்குப் பூசுகிறவன் முதுகுக்குப் பூசமாட்டான். இந்தச் சோதனை புதுப் பொருளுக்கும் பொருந்தும் என்று பின்னர் கண்டோம்.

வெறுங்கையோடு திரும்பினாலும், பழைய வீட்டு மரம் விலைக்குக் கிடைக்கும் என்ற செய்தியோடு திரும்பினோம். ஆலுவாவுக்கு அருகே வீடு பிரித்த மரம் விற்கும் ஒருவரிடம் அயினிப் பலகைகள் நான்கு கிடைத்தன. மலையாளத்தில் அதை ஆஞ்ஞிலி என்பர்; பலாவுக்கு உறவு; பாம்புப் படகுகள் செய்யப்படும் மரம் அதுவே. மரத்தைச் சொன்னவுடன் நாம் வேலைக்குப் பேசிய தச்சர் சிரித்தார். "அடுத்த வெள்ளத்துக்கு மேசையிலேயே ஏறிப் போகலாம் சாரே" என்றார்.

மேசையின் உயரம் முப்பது அங்குலம், நாற்காலியின் இருக்கை பதினெட்டு அங்குலம் என்பது கடைகளில் வழக்கம். தச்சர் அதைக் கேட்கவில்லை. அன்னையாரை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லி, குதிகால் முதல் முழங்காலின் உட்புறம் வரை ஒரு நூலால் அளந்தார். பதினாறு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. "பதினெட்டில் உட்கார்ந்தால் அம்மாவின் கால் தொங்கும், தொங்கினால் முட்டு வலி கூடும்" என்றார். எத்தனை கடைகளில் எத்தனை நாற்காலிகளில் அவரை உட்கார வைத்துப் பார்த்திருப்போம்! கால் தரையில் படவில்லை என்பதை நாம் ஒருவரும் கவனித்தோமில்லை. இருக்கை பதினாறாகவும் மேசை இருபத்தேழாகவும் முடிவாயிற்று.

ஊர் மாறும்போது கழற்ற வேண்டும் என்பது நமது நிபந்தனை. இதற்கு உலகப் புகழ்பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. கூட்ஸ், பார்சல் வேலையில் இருப்போர்க்கு அது மிகவும் பிடிக்கும். 1859 ஆம் ஆண்டில் மைக்கேல் தோனெத் என்பவரின் தொழிற்சாலையில் 14 ஆம் எண் நாற்காலி உருவாயிற்று. பீச் என்னும் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்த ஆறு துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு மரை, நாற்காலி அவ்வளவே. கழற்றி அடுக்கினால் ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள பெட்டியில் முப்பத்தாறு நாற்காலிகள் அடங்கின. போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டிக்கொள்வார்கள். 1930 வரையில் சுமார் ஐந்து கோடி விற்றதாகச் சொல்வர். கழற்றக்கூடியது என்றால் தரக்குறைவு என்று எண்ணுவோர் இந்நாற்காலியை நினைத்துக்கொள்ளலாம்.

நம் தச்சர் தோனெத்தைக் கேள்விப்பட்டதில்லை. அவர் வழி வேறு. இரண்டு பக்கமும் கால்சட்டங்கள். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். அதன் முனை கால்சட்டத்தைத் துளைத்து வெளியே நீண்டு நிற்கும்; அந்த நீட்சியில் ஒரு துளை, துளையில் ஓர் ஆப்பு. ஆப்பைச் சுத்தியால் மேலே தட்டினால் மேசை பிரியும், கீழே தட்டினால் இறுகும். நாளடைவில் மரம் தேய்ந்து தளர்ந்தாலும், ஆப்பை இன்னொரு தட்டுத் தட்டினால் போதும். மேல்பலகையை அவர் சட்டத்தோடு ஒட்டவே இல்லை. நாம் பசை வாங்கி வந்து நின்றோம், திருப்பிக் கொடுத்தார். கர்க்கடக மழையில் பலகை குறுக்கே விரியும், மேடத்து வெயிலில் சுருங்கும், அதை ஒட்டிப் பிடித்தால் ஒரு நாள் வெடித்துவிடும் என்று விளக்கினார். நகர்வதற்கு இடம் விட்டு மரக்கட்டைகளால் கௌவிப் பிடிக்கச் செய்தார். ஆளிவிதை எண்ணெயை நான்கு தடவை தேய்த்ததோடு மெருகும் முடிந்தது. நாற்காலிகளுக்குப் பதிலாக இரண்டு பெஞ்சுகள். உண்டு முடித்ததும் மேசையின் அடியில் தள்ளிவிடலாம். அன்னையாருக்கு மட்டும் முதுகு சாயும் நாற்காலி. எல்லாம் சேர்த்து, வெள்ளத்தில் போன மேசைக்குக் கட்டியதைவிட மூவாயிரம் ரூபாய் கூடுதலாயிற்று. அதன் பின் ஒருமுறை வீடு மாறினோம். இருபது நிமிஷத்தில் பிரித்தோம். ஒரு பெட்டி ஆட்டோவில் இரண்டு நடையில் போய்ச் சேர்ந்தது.

இனி மேசையின் மேல் வைப்பவை. 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் வந்தனர். நாற்காலி வடிவமைப்பில் உலகறிந்தவர்கள். சிறு தொழில்களுக்கும் வடிவமைப்புக்கும் இந்தியா என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரும்படி கேட்டதற்கு, நாடெங்கும் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினர். அதில் அவர்கள் மிகவும் வியந்து பேசிய பொருள் அரண்மனைச் சிம்மாசனமன்று. நம் வீட்டுச் சொம்பு. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பிலா தலையிலா கையிலா எடுத்துச் செல்வது, நிறைந்தபோதும் குறைந்தபோதும் எடை எப்படி நிற்கும், எந்தக் கைக்கு அடங்கும், என்ன விலை, கடைசியில் உடைந்தால் அந்த உலோகம் என்ன பெறும் என்றெல்லாம் அச்சொம்பைச் செய்த தலைமுறைகள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தினர். அவ்வறிக்கையின் பயனாக 1961 இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. நம் தச்சர் நூலைக்கொண்டு அளந்த செயலையும் அதே பட்டியலில் சேர்த்துப் படிக்கலாம்.

கடைசியில் என்ன பெறும் என்ற கேள்வி நம் போன்றோர்க்கு முக்கியம். நடவரம்பிலும் மான்னாரிலும் தேன்மெழுகும் களிமண்ணும் கொண்டு அச்செடுத்து வார்க்கும் வெண்கல உருளி, செம்பு முக்கால் பங்குக்குச் சற்று மேலும் மீதி வெள்ளீயமுமாகச் சேர்ந்தது. கீழே போட்டால் விரிசல் விடும். அதைத் தட்டி நிமிர்த்த முடியாது. ஆனால் உடைந்த துண்டும் எடைக்கு விலை போகும், மறுபடி உருகி வேறு உருளியாகும். பித்தளையில் புளி சேர்ந்த குழம்பு வைப்பதானால் உட்புறம் ஈயம் பூசியிருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. ஈயச்செம்பில் ரசம் வைப்போர் ஒன்றை மறக்கலாகாது: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்; ஆகையால் வெறுஞ்செம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, ரசத்தை ஊற்றிய பிறகே ஏற்ற வேண்டும். காரீயம் நஞ்சாகையால், வெள்ளீயம்தானா என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டுமே வாங்குக. எவர்சில்வரைப் பற்றி நாம் எழுத ஒன்றுமில்லை. அது நம் எல்லார் வீட்டிலும் பேர் வெட்டிய நிலையில் பேரக்குழந்தைகள் வரை போகிறது.

அலுமினியம் நமது ஆலுவாவுக்கு நெருங்கிய உறவு. இந்தியாவில் முதன்முதலாக அவ்வுலோகம் உருக்கியெடுக்கப்பட்டது 1943 ஆம் ஆண்டில், இங்கே பக்கத்திலுள்ள அலுபுரத்தில்தான். அலுமினியமும் எவர்சில்வரும் மலிவாகப் பெருகிய பின், நிலம்பூரை அடுத்த அருவாக்கோடு கிராமத்துக் குயவர்களின் சட்டிபானைகளை வாங்குவாரில்லாமல் போயிற்று. அவர்களும் தெலுங்கு நாட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறியவர்கள்; வீட்டில் தெலுங்கு பேசுவோர். 1990-களில் கே.பி. ஜினன் என்ற வடிவமைப்பாளர் அங்கே சென்று தங்கி, அவர்களோடு சேர்ந்து இக்கால வீடுகளுக்கேற்ற சுடுமண் பொருள்களையும் சுவர்ச் சிற்பங்களையும் செய்யத் தூண்டியதால் சக்கரங்கள் மீண்டும் சுழன்றன. நம் தமிழ்நாட்டை ஒட்டிய புதுச்சேரியில், 1971 இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடம், மிகுந்த சூட்டில் கல்போல் சுட்ட தட்டுகளையும் கிண்ணங்களையும் கையால் செய்யும் கலையை அங்கே வேரூன்றச் செய்தது. அத்தட்டுகள் எண்ணெயையும் புளியையும் உறிஞ்சுவதில்லை, கறையும் பிடிப்பதில்லை. விலை கூடுதல்தான். நாம் அவ்வகைக் கிண்ணம் ஒன்றே ஒன்று வாங்கினோம். அன்னையார் அதில் தயிர் தோய்க்கிறார்; வேறெதற்கும் அதைத் தொட விடுவதில்லை.

தென்காசி அன்பரும் அவர் துணைவியாரும் சென்ற ஞாயிறன்று நம் வீட்டில் உணவருந்தினர். அன்பர் உண்டு முடித்துக் கை கழுவியதும் மேசையின் அடியில் புகுந்து ஆப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் மனைவியார் அன்னையாருக்குப் பக்கத்தில் பெஞ்சில் அமர்ந்து, "இந்த உயரம் எனக்கும் சரியாக இருக்கிறது அத்தை" என்றார். "நீ என்னைவிட உயரம், தாயி. உன் காலை அளந்து செய்யச் சொல்" என்று அன்னையார் பதில் சொன்னார். தச்சரைத் தொலைபேசியில் அழைத்தோம். ஓணம் கழிந்து வரச் சொன்னார். வரும்போது அம்மணியையும் உடன் அழைத்து வர வேண்டும் என்றும், நூல் தம்மிடமே இருப்பதாகவும் தெரிவித்தார்.